அஞ்சும் குதிரையும் அஞ்சாத பிள்ளையும்



கடந்த கோடை விடுமுறையில் ஒருநாள் நாம் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, அங்கே உறவினரின் தோட்டத்தில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தது. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தலை சற்றே சுற்றிய நிலையில் நாம் போய் இறங்கியதும், பலாச்சுளையும் மலைத்தேனும் தந்து அன்போடு வரவேற்றார்கள்.

முற்றத்தில் ஒரு மட்டக்குதிரை கட்டப்பட்டிருந்தது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கியது என்றார்கள். வண்டி இறங்க முடியாத சரிவுகளிலிருந்து மிளகு மூட்டைகளையும் காப்பிக்கொட்டை மூட்டைகளையும் மேலே கொண்டுவர அது பயன்பட்டு வந்தது. அவ்வீட்டின் ஒன்பது வயதுப் பேரனுக்கோ அது மூட்டை சுமக்கும் விலங்காகத் தெரியவில்லை. ஏறிச் சவாரி செய்தே தீருவேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

தாத்தா இறுதியில் இசைந்தார். பேரன் விழுந்துவிடக் கூடாதே என்ற அன்பினால் ஒரு கயிற்றை எடுத்து, அவன் இடுப்பைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டினார். சிறுவன் காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒன்றுமில்லை. "சாமி, என்னைப் பாருங்கள்!" என்று கூவினான். நாமும் பார்த்தோம், கைதட்டினோம்.

குதிரை இருபது அடி நடந்திருக்கும். விறகுக் கட்டின்மேல் போர்த்தியிருந்த நீலநிறத் தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடவென்று அடித்தது. அவ்வளவுதான், குதிரை ஒரே தாவாகப் பக்கவாட்டில் துள்ளியது. வயிற்றுவார் இறுக்கமாக இல்லாததால் சேணம் சுழன்று வயிற்றுக்குக் கீழே போயிற்று. சேணத்தோடு கட்டப்பட்ட பிள்ளையும் அதனோடு சுழன்று, குதிரையின் கால்களுக்கிடையில் தலைகீழாகத் தொங்கினான். நல்ல வேளையாக, அருகில் நின்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் கடிவாளத்தைப் பாய்ந்து பிடித்தார். மற்றொருவர் அரிவாளால் கயிற்றை அறுத்தார். முழங்கையிலும் நெற்றியிலும் தோல் உரிந்ததோடு சிறுவன் தப்பினான்.

"ஆண்டவர் காப்பாற்றினார், சாமி" என்று பாட்டி கண்ணீர் வடித்தார். உண்மையே. ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஆண்டவர் காத்தார், நாம் என்ன செய்தோம்? அவனை மிகவும் நேசித்தவரே அவனைக் கட்டினார். அவனை நேசித்த நாமே கைதட்டினோம். நம்முள் எவரிடத்தும் அன்பு குறைவாயிருக்கவில்லை. குதிரையைப் பற்றிய அறிவுதான் இல்லாமலிருந்தது. அவ்வறிவைத் தேடி, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் நாம் அறிந்தவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

'எங்கள் வீட்டில் குதிரை இல்லையே, சாமி' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கொடைக்கானல் ஏரிக்கரைக்கோ உதகைக்கோ சுற்றுலா சென்று, பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றி நிழற்படம் எடுக்காத குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை இருக்கும்? ஐந்து நிமிடச் சவாரிக்கும் ஐந்து மணி நேரச் சவாரிக்கும் கீழே விழ ஒரு நொடியே போதும்.

கொல்லிமலைக்குக் குதிரை புதிதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் என்று சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். அவனை எதிர்த்துப் போரிட்ட காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் விழாவும் எடுக்கிறார்கள். இவையன்றி, ஊர் எல்லையில் ஐயனாரின் மண்குதிரையையும் நம் ஆலயங்களில் குதிரைமேல் வீற்றிருக்கும் சந்தியாகப்பரையும் நம் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். ஆகவே அவர்களுக்குக் குதிரையின்மேல் ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் சிலைக் குதிரை மிரளுவதில்லை. உயிருள்ள குதிரை மிரளும்.

இம்மலையிலேயே குதிரையேறி, குதிரையிலிருந்து விழுந்த ஒருவரின் வரலாறும் உண்டு. 1879-இல் லண்டனில் பிறந்த எவலின் பிராண்ட் அம்மையார், 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மறைப்பணியாளரை மணந்து, அவரோடு கொல்லிமலைக்கு வந்தார். அவர்கள் பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். பாதையற்ற அம்மலையில் மருந்தும் கல்வியும் கொண்டுசென்றனர். 1929-இல் ஜெஸ்ஸி அவர்கள் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். பிற்காலத்தில் அவருடைய சபை ஓய்வு பெறுமாறு கூறியும், அம்மையார் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையின்மேல் ஊர் ஊராகச் சென்றார். பாறை நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் குதிரையிலிருந்து பலமுறை தலைகுப்புற விழுந்தார். அவ்வீழ்ச்சிகளால் அவருடைய முழங்கால்களுக்குக் கீழே உணர்வும் வலுவும் குன்றின. பின்னர் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியே நடந்தார். ஆயினும் பணியை விடவில்லை. 1974-இல், தம் 95-ஆம் வயதில் காலமானார். மலைமக்கள் அவரைப் 'பாட்டியம்மா'வாகவே போற்றினார்கள்.

அவருடைய துணிவை நாம் வணங்குகிறோம். ஆனால் அவர் வாழ்விலிருந்து பெற்றோர் தவறான பாடம் கற்றுக்கொள்ளலாகாது. அம்மையார் தம் உடலைத் தாமே மனமறிந்து பிறருக்காகச் செலவிட்டார். விழுந்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே மீண்டும் ஏறினார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. அவனுக்காக நாமே முடிவு செய்கிறோம். தன் உடலைச் செலவிடப் பெரியவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உடலைச் செலவிட நமக்கு உரிமையில்லை.

அம்மையாரின் மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றி, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் காயமும் பட்டுப்பட்டே அவை தேய்கின்றன என்பதை அவர் உலகுக்கு எடுத்துக் காட்டினார். வலியைச் சாபமாகக் கருதாமல், உடலைக் காக்க இறைவன் அமைத்த காவலாக அவர் கண்டார். 2003-இல் இறக்கும்வரை இதையே எழுதியும் பேசியும் வந்தார்.

அச்சமும் வலியைப் போன்றதொரு காவலே. இதைக் குதிரைச் சவாரியோடு பொருத்திப் பாருங்கள். குதிரை, புலிக்கும் ஓநாய்க்கும் தப்பி ஓடிப் பிழைத்த இனம். ஆதலால் அஞ்ச வேண்டாத தார்ப்பாய்க்கும் அது அஞ்சுகிறது. பிள்ளையோ அஞ்ச வேண்டியதற்கும் அஞ்சுவதில்லை. அச்சம் மிகுந்த விலங்கின் முதுகில் அச்சம் அறியாத பிள்ளையை ஏற்றுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே, எதற்கு அஞ்ச வேண்டும் என்று அறிந்த பெரியவர் ஒருவர் நடக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது இது ஒன்றே. கீழே கூறுபவை எல்லாம் இதன் விரிவே.

முதலில் குதிரையின் இயல்பை அறிவோம். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. ஏறக்குறையத் தன்னைச் சுற்றிலும் அதனால் பார்க்க முடியும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பவை அதற்குத் தெரியா. பின்னால் வந்து நிற்பவரை அது உதைப்பது பெரும்பாலும் கோபத்தால் அன்று, திடுக்கிடுவதால்தான். எனவே எப்போதும் அதன் தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். காதுகள் நிமிர்ந்து முன்னோக்கினால் அது எதையோ உற்றுக் கவனிக்கிறது. காதுகள் பின்னால் படிந்து கழுத்தோடு ஒட்டினால் சினங்கொண்டிருக்கிறது, அல்லது எங்கோ வலிக்கிறது. அப்போது பிள்ளையை ஏற்றலாகாது. இக்காது மொழியைப் பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கிற்று.

அடுத்தது, எந்தக் குதிரை? பிள்ளையும் குதிரைக்குட்டியும் சேர்ந்து வளரட்டும் என்று சிலர் இளங்குதிரையை வாங்குகிறார்கள். இது அழகான எண்ணம், ஆனால் ஆபத்தானது. கற்காத பிள்ளைக்குக் கற்ற குதிரை வேண்டும். வயது முதிர்ந்து, பேருந்தின் ஒலியையும் நாயையும் குடையையும் பலமுறை கண்டு பழகி, 'இதெல்லாம் நமக்குத் தெரியும்' என்று நிற்கும் சாதுவான குதிரையே சிறந்தது. சந்தையிலிருந்து வந்த புதுக் குதிரையின்மேல், பழகிய பெரியவர் பல வாரங்கள் ஏறிப் பார்த்த பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும். மூட்டை சுமந்து பழகிய குதிரை, அசைந்து கத்தும் பிள்ளையையும் அப்படியே சுமக்கும் என்று எண்ணிவிட வேண்டா.

குதிரையின் சுமையையும் நாம் எண்ண வேண்டும். சேணமும் சவாரி செய்பவரும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது பலரும் ஏற்கும் கணக்கு. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 40 கிலோ. பொதி சுமக்கும் மட்டக்குதிரையின்மேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்றும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. முதுகில் சேணப் புண் உள்ள குதிரையும், குளம்பில் கல் சிக்கிய குதிரையும் வலியால் துள்ளும். விலங்கிடம் காட்டும் இரக்கம் பிள்ளைக்குப் பாதுகாப்பாகத் திரும்பி வருகிறது. ஏறுமுன் முதுகைத் தடவிப் பார்ப்பதும், நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்ப்பதும் தவறாத வழக்கமாகட்டும்.

இனிப் பிள்ளையின் உடையைப் பார்ப்போம். தலைக்கவசம் இன்றி ஏறுவதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். குதிரைச் சவாரிக்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசங்கள் இன்று பெருநகர்க் கடைகளில் கிடைக்கின்றன. அது புருவத்துக்குச் சற்று மேலே சமமாக அமர்ந்து, தலையை ஆட்டினாலும் அசையாமல் இருக்க வேண்டும். மோவாய் நாடா பூட்டப்பட்டிருக்க வேண்டும். நாடா பூட்டாத தலைக்கவசம் நாம் விழுமுன்பே விழுந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் பிள்ளையின் மெல்லிய கழுத்துக்குப் பாரம். சைக்கிளுக்கு உரிய இலேசான கவசம் சவாரிக் கவசத்துக்கு ஈடாகாது. எனினும் வெறுந்தலைக்கு அது எவ்வளவோ மேல். பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். அதை மாற்றிவிட வேண்டும்.

காலில் செருப்பு ஆகாது. சிறிய குதிகால் உள்ள, விரல்களை மூடிய காலணி வேண்டும். ஏன்? குதிகால் இல்லையேல் பாதம் முழுவதும் அங்கவடிக்குள் வழுக்கி நுழைந்துவிடும். விழும்போது கால் சிக்கிக்கொண்டால் குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடும். குதிரைச் சவாரியில் இதைவிடக் கொடிய விபத்து இல்லை எனலாம். அங்கவடி, காலணியைவிட இரண்டு விரல் அகலமாயிருப்பது நன்று. பெரியவருக்குரிய பெரிய அங்கவடியும் ஆபத்தே. சிறு பாதம் அதனூடே புகுந்துவிடும். வெளிப்பக்கத்தில் இரும்புக்குப் பதிலாக ரப்பர் வளையம் பூட்டிய அங்கவடிகள் பிள்ளைகளுக்கென்றே உள்ளன. கால் அழுத்தினால் வளையம் கழன்று பாதத்தை விட்டுவிடும். தொங்கும் துப்பட்டாவும், கழுத்தில் சுற்றிய துண்டும், நீண்ட கயிற்றுச் சங்கிலியும் சவாரியின்போது வேண்டா.

நம் தாத்தா செய்த பிழைக்கு இப்போது வருவோம். பிள்ளையைச் சேணத்தோடு கட்டவே கூடாது. விழும் பிள்ளை, குதிரையை விட்டு விலகி விழ வேண்டும். அதுவே அவனுக்குப் பாதுகாப்பு. கட்டப்பட்ட பிள்ளையால் விலக முடியாது. அவ்வாறே குதிரையை நடத்துபவரும் கயிற்றைத் தம் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. மடித்துப் பிடிக்க வேண்டும். சுற்றிய கயிறு குதிரை பாயும்போது விரலையே பறித்துவிடும்.

வயிற்றுவாரை மும்முறை பார்க்க வேண்டும். ஏறுமுன் ஒருமுறை, ஏறிய பின் ஒருமுறை, சற்றுத் தூரம் நடந்தபின் மீண்டும் ஒருமுறை. வாரை இறுக்கும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நடந்ததும் வயிறு தளரும், வாரும் தளரும். அன்று அம்முற்றத்தில் சேணம் சுழன்றதன் காரணத்தை நாம் பிறகே அறிந்தோம்.

வெளியே புறப்படுமுன், வேலியிட்ட களத்தில் பிள்ளை நான்கு காரியங்களைக் கற்றிருக்க வேண்டும். நிறுத்துதல், இருபுறமும் திருப்புதல், கைகளை விட்டாலும் நிலைகுலையாது அமர்தல், அவசரமாக இறங்குதல் என்பனவே அவை. அவசரமாக இறங்குவது எப்படி? இரு பாதங்களையும் அங்கவடிகளிலிருந்து முதலில் விடுவித்துக்கொண்டு, முன்னே சாய்ந்து, ஒரு காலைப் பின்புறமாகச் சுழற்றி, குதிரையின் இடப்பக்கம் குதிக்க வேண்டும். நிற்கும் குதிரையில் பலமுறை பழகினால், வேண்டிய நேரத்தில் உடல் தானே அதைச் செய்யும்.

இனி மலைப்பாதைக்கு வருவோம். பிள்ளை நன்கு தேறும்வரை பெரியவர் ஒருவர் குதிரையின் தலையருகே, இடப்பக்கத்தில், நடத்தும் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளையாயின் மற்றொருவர் பக்கத்தில் நடந்து அவன் கணுக்காலைத் தாங்கிக்கொள்ளட்டும். இரண்டு குதிரைகள் சென்றால், இடையே ஒரு குதிரையின் நீளமேனும் வெளி இருக்கட்டும். எல்லாரும் மிகச் சிறியவனின் வேகத்திலேயே செல்ல வேண்டும். ஒரு குதிரை ஓடினால் மற்றதும் ஓடும் என்பதை மறக்கலாகாது.

மேட்டில் ஏறும்போது பிள்ளை சற்று முன்சாய்ந்து பிடரிமயிரைப் பற்றிக்கொள்ளலாம். அதனால் குதிரைக்கு வலிப்பதில்லை. கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினாலோ அதன் வாய் வலிக்கும். சரிவில் இறங்கும்போது நிமிர்ந்து அமர்ந்து, வாரைத் தளர்த்தி, காலடி வைக்கும் இடத்தைக் குதிரையே தேர்ந்துகொள்ள விட வேண்டும். மிகச் செங்குத்தான இடத்திலும், மழையில் பாசி படிந்த பாறையிலும், பிள்ளையை இறக்கிவிட்டு நடத்திச் செல்வதே முறை. இறங்கி நடப்பதில் இழுக்கு எதுவுமில்லை. வழியோரப் பசும்புல்லைக் கண்டதும் குதிரை திடீரெனத் தலையைத் தாழ்த்தும். வாரை இறுகப் பிடித்திருக்கும் சிறுவன் அதன் கழுத்தின் வழியே சறுக்கி முன்னே விழுவான். இதற்காகவே தலை தாழாதபடி தடுக்கும் சிறு வாரை வெளிநாடுகளில் பிள்ளைகளின் குதிரைக்குப் பூட்டுகிறார்கள்.

கொண்டை ஊசி வளைவுகள் உள்ள தார்ச்சாலை குதிரைச் சவாரிக்கு உரிய இடமன்று. வளைவில் திரும்பும் பேருந்துக்குக் குதிரை தெரியாது; அதன் காற்றொலிப்பானைக் குதிரை தாங்காது. சாலையைக் கடந்தே ஆக வேண்டுமெனில், பிள்ளையை இறக்கி, இருபுறமும் நெடுந்தூரம் தெரியும் நேரான இடத்தில் கடக்க வேண்டும். மூடுபனி இறங்கும் வேளையிலும், அந்தி சாய்ந்த பின்பும் வேண்டா. மலைத்தேனீக்களின் கூடு உள்ள பாறையருகிலும் மரத்தடியிலும் செல்ல வேண்டா. வேட்டும் மேளமும் முழங்கும் நாளில், அது ஓரி விழாவாயினும் நம் தேர்த்திருவிழாவாயினும், குதிரை கொட்டிலிலேயே இருக்கட்டும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அலைபேசி பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். சேணப் பையில் வைத்தால், ஓடும் குதிரையோடு அதுவும் ஓடிவிடும்.

இத்தனைக்குப் பின்னும் குதிரை மிரண்டு ஓடினால்? பிள்ளை கத்தக் கூடாது. கத்தினால் குதிரை இன்னும் அஞ்சும். பின்னே நிமிர்ந்து அமர்ந்து, இடமுள்ள வெளியாயின் ஒரு பக்கத்து வாரை மெல்ல மெல்ல இழுத்து, வட்டமாகத் திருப்ப வேண்டும். வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் குறையும். ஒடுங்கிய மலைப்பாதையில் இவ்வாறு திருப்பலாகாது. அங்கே வாரை இழுத்தும் தளர்த்தியும் நிறுத்த முயல வேண்டும். பெரியவர்கள் குதிரையின் பின்னே ஓடலாகாது. துரத்துவதாக எண்ணி அது மேலும் விரையும்.

விழுந்துவிட்டால்? பதறிப்போய்ப் பிள்ளையை வாரித் தூக்கிவிடாதீர்கள். தாயுள்ளத்துக்கு இது கடினமே. ஆனால் கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால், தூக்குவதே பெருந்தீங்கு விளைவிக்கும். மூச்சு இருக்கிறதா, பேசுகிறானா, கைகால்களை அசைக்கிறானா என்று பாருங்கள். கழுத்து வலி, மரமரப்பு, மயக்கம் இருந்தால் அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். தலைக்கவசத்தையும் பலவந்தமாகக் கழற்ற வேண்டா. வாந்தி, ஓயாத தலைவலி, தூக்கக் கலக்கம், முன்னுக்குப்பின் முரணான பேச்சு ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்க நேரம் பிடிக்கும் என்பதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாகாது. சிறு சிராய்ப்பாயினும் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, இரணஜன்னித் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குதிரையின் இலத்தி கலந்த மண்ணில் அந்நோயின் கிருமிகள் மிகுதி.

'விழுந்தவனை உடனே மீண்டும் ஏற்றிவிட வேண்டும். இல்லையேல் பயம் தங்கிவிடும்' என்று சொல்வாருண்டு. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு இது பொருந்தாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை ஏற்றலாகாது. சிறிது பயம் தங்கினால் தங்கட்டும். நாம் முன்னே சொன்ன காவல் அதுவே.

சுற்றுலாத் தலத்தில் வாடகைக் குதிரையில் ஏற்றும் பெற்றோருக்கு ஒரு சொல். கேட்கத் தயங்காதீர்கள். 'தலைக்கவசம் இருக்கிறதா? வாரை இறுக்கிக் காட்டுங்கள். நீங்கள் கயிற்றை விடாமல் நடப்பீர்களா? ஓட விட மாட்டீர்களே?' இவற்றை மரியாதையோடு கேளுங்கள். குதிரைக்காரரும் பிள்ளை குட்டி உள்ளவரே; நாள் முழுதும் நடந்து பிழைப்பவர். அவருக்கு நேரம் கொடுங்கள். தக்க பதில் கிட்டவில்லையேல், பிள்ளை அழுதாலும் வந்துவிடுங்கள். அழுகை பத்து நிமிடத்தில் ஓயும்.

கொல்லிமலைச் சம்பவத்துக்குப் பின் ஒரு வாரம் கழித்து, அந்தத் தாத்தா பங்கு இல்லத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "குதிரையை விற்றுவிடச் சொல்லட்டுமா, சாமி? அவன் தினமும் அதையே கேட்டு அழுகிறான்" என்றார். நாம் உடனே விடை கூற இயலாமல் இருந்தோம். விற்றுவிடுவது எளிது. ஆனால் குதிரை போனால் மரம் இருக்கிறது. மரம் போனால் கிணறு இருக்கிறது. நாளை மோட்டார் சைக்கிள் வரும். ஆபத்துள்ள அனைத்தையும் பிள்ளையின் உலகத்திலிருந்து விற்றுத் தீர்க்க நம்மால் ஆகுமா? இறுதியில், "விற்க வேண்டா, ஐயா. ஆனால் அவன் அதன் முதுகில் ஏறுமுன், அதன் பக்கத்தில் நிற்கக் கற்கட்டும்" என்றோம்.

அவ்வாறே செய்தார்கள். விடுமுறை நாள்களில் மலைக்குச் செல்லும்போதெல்லாம் சிறுவன் கொள்ளு வைத்தான், தண்ணீர் காட்டினான், உடலைத் தேய்த்துவிட்டான், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கக் கற்றான். முதல் மூன்று மாதமும் ஏற அனுமதியில்லை. முணுமுணுத்தான், ஆனாலும் கற்றான். குதிரை பழகியவர் ஒருவர் அதைத் தார்ப்பாய்க்கும் குடைக்கும் சிறிது சிறிதாகப் பழக்கினார். பிறகு தலைக்கவசம் வந்தது, காலணி வந்தது, களத்தில் பயிற்சி தொடங்கியது. இப்போது தாத்தாவே இடப்பக்கத்தில் கயிற்றை மடித்துப் பிடித்து நடக்கிறார். தமக்கும் நல்ல நடைப்பயிற்சி என்று சிரிக்கிறார்.

அண்மையில் நாம் மீண்டும் அங்குச் சென்றோம். சிறுவன் குனிந்து வயிற்றுவாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அருகில் போய்ப் பார்க்கலாம் என்று நாம் குதிரையின் பின்புறமாகச் சுற்றி நடந்தோம். அவன் சட்டென்று தலையை நிமிர்த்தி, "சாமி, பின்னால் நிற்காதீர்கள். அதற்கு உங்களைத் தெரியாது. இப்படித் தோள்பக்கம் வாருங்கள்" என்றான்.

நாம் கைதட்டவில்லை. அவன் சொன்னபடி தோள்பக்கம் போய் நின்றோம்.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு இத்தகைய அச்சத்தைக் கற்பிப்போம். அது முளைக்கும்வரை கயிற்றைப் பிடித்து அவர்கள் பக்கத்தில் நடப்போம். ஆண்டவரின் காவல் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.